யோபுவின் பொறுமை

சென்ற இதழ் வெளிவந்த சில நாட்களில் வாசகச் சகோதரி ஒருவரிடமிருந்து நீண்ட மடலொன்று வந்தது. அவர் ஒரு பள்ளியில் ஆசிரியையாகப் பணியாற்றுகிறவர். பெயரும் ஊரும் வெளிவர வேண்டா என்று அவரே கேட்டுக்கொண்டமையால் அவற்றை விடுத்துச் செய்தியை மட்டும் கூறுகிறேன். 11 ஆண்டுகளாக அவர் தொகுப்பூதியத்திலேயே இருந்து வருகிறார். பணி நிரந்தரம் குறித்துக் கேட்கும்போதெல்லாம் "அடுத்த ஆண்டு பார்ப்போம்" என்பதே விடையாம். அண்மையில் நடந்த ஆண்டுவிழாவில் நிர்வாகத்தின் சார்பில் பேசிய பெரியவர் இவரை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தி, "ஷீ ஹாஸ் த பேஷன்ஸ் ஆஃப் ஜோப்" என்று ஆங்கிலத்தில் பாராட்டினாராம். அவையினர் கைதட்டினர். இவரும் வணங்கிவிட்டு வந்து அமர்ந்துவிட்டார்.

"ஐயா, அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அது புகழ்ச்சியா, பரிகாசமா? அத்தொடரின் சரியான பொருள் யாது?" என்று கேட்கிறார். இத்துடன், நிர்வாகத்துக்குக் கொடுப்பதற்காகத் தாம் ஆங்கிலத்தில் எழுதிய விண்ணப்பமொன்றின் நகலையும் இணைத்து, பிழை திருத்தித் தருமாறு வேண்டியுள்ளார்.

ஆங்கில மரபுத்தொடர்களுக்கு விளக்கம் எழுதும் இப்பகுதிக்கு எத்தனையோ ஐயங்கள் வருகின்றன. ஓர் இரவின் உறக்கத்தைக் கெடுத்த ஐயம் இதுவே முதல். ஆகவே இம்மாதம் வேறெதையும் எடுத்துக்கொள்ளாமல் இதனை மட்டும் பார்ப்போம்.

முதலில் உச்சரிப்பு. வேலை என்னும் பொருள்தரும் ஆங்கிலச் சொல்லும் மறைநூல் மாந்தரான யோபுவின் பெயரும் எழுத்தளவில் ஒன்றே. பெயருக்கு முதலெழுத்துப் பெரிய எழுத்தாக வரும் என்பதொன்றே கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு. ஆனால் வேலையை 'ஜாப்' என்றும், யோபுவை 'ஜோப்' என்றும் நெடிலாக ஒலித்தல் வேண்டும். இதனை அறியாத மாணவர் இத்தொடரை 'வேலையில் பொறுமை' என்று பெயர்த்துவிடுவதுண்டு. அதிலும் ஓர் உண்மை இருக்கிறது என்று நகைக்கலாமேயன்றி மதிப்பெண் அளிக்க இயலாது.

இனிப் பொருளும் ஆட்சியும். பெருந்துன்பத்தையோ தீராத தொல்லையையோ நெடுங்காலம் தாங்குகிறவரை 'யோபுவின் பொறுமை உடையவர்' என்பர். மறதி மிகுந்த முதியவரைப் பேணும் செவிலிப்பெண், ஒன்றாம் வகுப்பில் ஐம்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு அகரம் பழக்கும் ஆசிரியை ஆகியோரைப் பற்றிப் பேசும்போது இயல்பாக இத்தொடர் வந்து விழும். இதனோடு பெரும்பாலும் சேர்ந்து வரும் வினைகள் மூன்று. 'ஹாவ்' என்பதோடு வந்தால் உடைமை. 'நீட்' என்பதோடு வந்தால் தேவை. 'ட்ரை' என்பதோடு வந்தால் சோதனை. மூன்றாவதில்தான் நம்மவர் இடறுகின்றனர். "இட் வுட் ட்ரை த பேஷன்ஸ் ஆஃப் ஜோப்" என்றால் யோபுவின் பொறுமையை அடைய முயலும் என்பதன்று; யோபுவே ஆயினும் பொறுமை இழப்பார், அத்தகைய தொல்லை இது என்பதாகும். யோபுவுக்குப் பதிலாக 'செயின்ட்' என்று பொதுவில் ஒரு புனிதரை வைத்துச் சொல்வதும் உண்டு. ஒருவர் இத்தொடரைத் தம்மைப் பற்றித் தாமே சொல்லிக்கொள்வது அழகன்று. தற்புகழ்ச்சியாகத் தோன்றும்.

காத்திருத்தலைக் குறிக்கும் பிற தொடர்களினின்றும் இதனைப் பிரித்தறிதல் நன்று. 'ஹோல்ட் யுவர் ஹார்ஸஸ்' என்பது குதிரைகளை இழுத்துப் பிடி என்னும் ஏவல். அவசரப்படும் நண்பனிடம் சொல்லலாம், மேலதிகாரியிடமோ பங்குத்தந்தையிடமோ சொல்லலாகாது. 'கூல் ஒன்ஸ் ஹீல்ஸ்' என்பது பிறர் நம்மைக் காக்கவைத்தலைக் குறிக்கும். அலுவலக வாயிலில் அரைநாள் நின்றால் ஆங்கிலேயனுக்குக் குதிகால் குளிர்கிறது. நமக்கோ கால் கடுக்கிறது! 'பைட் ஒன்ஸ் டைம்' என்பது மடையோரத்துக் கொக்கின் காத்திருப்பு. வாய்ப்பு வரும்வரை அசையாமல் நின்று, வந்தவுடன் கொத்திக்கொள்வது. பயனின்றிக் காத்திருப்பவனை நாம் இலவு காத்த கிளி என்போம். யோபு கொக்கும் அல்லர், கிளியும் அல்லர். அவர் எதற்காகவும் காத்திருக்கத் திட்டமிட்டவர் அல்லர்; அவர்மேல் வந்து விழுந்த பாரத்தின்கீழ் நின்றவர்.

இத்தொடர் ஆங்கிலத்துக்கு எங்கிருந்து வந்தது என்பதைக் காணும்போதுதான் வியப்பு மிகுகிறது. யோபு நூலில் இத்தொடர் இல்லை. புதிய ஏற்பாட்டில், புனித யாகப்பர் திருமுகத்தில் (இன்றைய பதிப்புகளில் யாக்கோபு) 5ஆம் அதிகாரம் 11ஆம் வசனத்தில் உள்ளது. 1611ஆம் ஆண்டில் வெளிவந்த அரசர் ஜேம்ஸ் ஆங்கிலப் பெயர்ப்பு அங்கே 'பேஷன்ஸ்' என்னும் சொல்லைப் பெய்தது. அப்பெயர்ப்பு ஆங்கிலேயரின் இல்லந்தோறும் வாசிக்கப்பட்டமையால் தொடரும் அவர்தம் நாவில் நிலைத்தது. தமிழிலும் பழைய பெயர்ப்பில் அவ்விடத்தில் 'பொறுமை' என்றே காணலாம்.

மூலமாகிய கிரேக்கத்திலோ அந்த ஒரு சிறு பகுதியில் இருவேறு சொற்கள் உள்ளன. 7ஆம் வசனத்தில், முன்மாரியும் பின்மாரியும் பெய்யும்வரை நிலத்தின் விளைவை எதிர்நோக்கியிருக்கும் உழவனைப் பற்றிப் பேசும்போது திருமுக ஆசிரியர் 'மக்ரோத்துமியா' என்பதன் வினைவடிவை ஆள்கிறார். சினத்தை நெடுந்தொலைவுக்குத் தள்ளிவைத்தல் என்பது அதன் உள்ளுறை. உழவன் வானத்தோடு சண்டையிட்டுப் பயனில்லை. அவன் அமைதியாகக் காத்திருக்கத்தான் வேண்டும். ஆனால் 11ஆம் வசனத்தில் யோபுவுக்கு வரும்போது சொல் மாறுகிறது. அங்கே 'ஹூப்பொமொனே'. கீழே என்னும் சொல்லும் நிலைத்திருத்தல் என்னும் சொல்லும் சேர்ந்த கூட்டு அது. சுமையின்கீழ் நின்று நிலைத்தல், ஓடாதிருத்தல் என்று விரிக்கலாம். இலத்தீன் வுல்காத்தாவும் இவ்வேறுபாட்டைப் போற்றி, யோபுவுக்கு 'பசியென்சியா' என்னாமல் 'சுஃபெரென்சியா' என்கிறது. அரசர் ஜேம்ஸ் பெயர்ப்புத்தான் இரண்டையும் ஒரே சொல்லாக்கிவிட்டது. பிற்கால ஆங்கிலப் பெயர்ப்புகள் பலவும் 'ஸ்டெட்ஃபாஸ்ட்னெஸ்' என்றோ 'பெர்ஸிவியரன்ஸ்' என்றோ, அஃதாவது உறுதி, விடாமுயற்சி என்று, திருத்திக்கொண்டன. பெயர்ப்பைத் திருத்தலாம், பேச்சு வழக்கைத் திருத்த எவரால் இயலும்? தொடர் பழைய சொல்லோடேயே நடமாடுகிறது.

'பேஷன்ஸ்' என்னும் ஆங்கிலச் சொல்லையும் முற்றும் குறைகூறுவதற்கில்லை. துன்புறுதல் என்னும் இலத்தீன் வினையே அதன் வேர். நோயாளியைக் குறிக்கும் 'பேஷன்ட்' என்பதும், நம் ஆண்டவரின் திருப்பாடுகளைக் குறிக்கும் 'பேஷன்' என்பதும் அதே வேரில் முளைத்தவை. நம் தமிழ் இன்னும் வளமுடையது. 'பொறு' என்னும் ஒரே அடி, சிறிது பொறு என்னுமிடத்துக் காத்திருத்தலாகவும், பாரம் பொறுத்தல் என்னுமிடத்துத் தாங்குதலாகவும், பிழை பொறுத்தல் என்னுமிடத்து மன்னித்தலாகவும் நிற்கிறது. வள்ளுவர் 'பொறையுடைமை' என 16ஆம் அதிகாரம் வகுத்தது பெரிதும் இந்த மூன்றாம் பொருளிலாகும். யோபுவுக்குப் பொருந்துவது இரண்டாம் பொருள்.

நிற்க. யோபு நூலை முதல் இரண்டு அதிகாரங்களோடு மூடிவைத்துவிடுவது நம்மிடையே பரவலாகக் காணப்படும் வழக்கம். ஊசு நாட்டுச் செல்வர். 7,000 ஆடுகள், 3,000 ஒட்டகங்கள், 500 ஏர் மாடுகள், 500 கழுதைகள், பத்து மக்கள். அனைத்தும் ஒரே நாளில் போயின. உடலெங்கும் புண். அப்போதும் அவர், கொடுத்தவரே எடுத்துக்கொண்டார் என்று இறைவன் பெயரை வாழ்த்தினார். மறையுரைகளிலும் மறைக்கல்வி வகுப்புகளிலும் நாம் கண்ட யோபு பெரும்பாலும் இவரே. இவர் மெய்யான யோபுவே. ஆனால் நூலுக்கு 42 அதிகாரங்கள் உள்ளன!

3ஆம் அதிகாரத்தில் யோபு வாய் திறக்கிறார். திறந்தவுடன் தாம் பிறந்த நாளைச் சபிக்கிறார். இறைவனைச் சபித்தாரல்லர், அதனை மனத்திற்கொள்க. அதன்பின் ஏறத்தாழ 20 அதிகாரங்கள் அவருடைய பேச்சாகவே செல்கின்றன. அவற்றில் முறையீடு உண்டு, அழுகை உண்டு, எள்ளல் உண்டு. எல்லாம் வல்லவரோடு நேர்நின்று வழக்காட விரும்புகிறேன் என்கிறார் (13:3). நான் ஏன் பொறுமை இழக்கலாகாது என்ற கருத்துப்பட அவரே கேட்கும் இடமும் உண்டு (21:4). தம் சொற்கள் ஏட்டில் பொறிக்கப்படாவோ என ஏங்குகிறார் (19:23). இறுதியில், வழக்குமன்றத்தில் நிற்பவரைப்போலத் தம் முறையீட்டின் அடியில் தம் கைக்குறியை வைத்து, விடை வரட்டும் என்கிறார் (31:35). பொறுமைக்கு உவமையாக உலகம் காட்டும் மனிதரின் பேச்சு இது.

பின்னர் இறைவன் சூறைக்காற்றினின்று பேசுகிறார். யோபு அறியாமல் பேசியதைக் கண்டிக்கவும் செய்கிறார். யோபுவும் தம் சிறுமையை உணர்ந்து தாழ்ந்து பணிகிறார். இதனை மறைத்துக் கூறுவது நேர்மையாகாது. ஆயினும் தீர்ப்பு என்ன? எலிப்பாசிடமும் அவன் நண்பர் இருவரிடமும் இறைவன் சினந்து, என் ஊழியன் யோபுவைப்போல் நீங்கள் என்னைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை என்று கருத்துரைக்கிறார் (42:7). இறைவனுக்காகப் பரிந்து பேசியவர்கள் அந்நண்பர்களே. இறைவனிடம் வழக்காடியவர் யோபுவே. ஆனால் அவர்களுக்காக மன்றாடும்படி யோபுதான் பணிக்கப்படுகிறார். புனித பெரிய கிரகோரியார் திருத்தந்தை ஆவதற்கு முன்பு கான்ஸ்டாண்டினோபிளில் இருந்தபோது இந்நூலுக்கு உரை சொல்லத் தொடங்கினார். 35 பகுதிகளாக விரிந்த உரை அது. தாமும் வயிற்று நோயாலும் காய்ச்சலாலும் நலிந்திருந்ததை அவர் மறைக்கவில்லை. அடிபட்ட யோபுவை அடிபட்டவனே விளக்கட்டும் என இறைவன் எண்ணினார்போலும் என்கிறார். யோபுவின் கடுஞ்சொற்களைக் குற்றம் எனக் கொள்ளாமல், மேற்சொன்ன இறைத்தீர்ப்பையே அவரும் சான்றாக நிறுத்துகிறார்.

அந்த நண்பர்களாலும் ஆங்கிலத்துக்கு ஒரு தொடர் கிடைத்தது. 'ஜோப்ஸ் கம்ஃபர்ட்டர்' என்றால் ஆறுதல் கூற வந்து புண்ணை ஆழமாக்கிவிட்டுப் போகிறவர். அவர்கள் தீயவர்கள் அல்லர். முதல் ஏழு நாள் இரவும் பகலும் நண்பனோடு மண்ணில் வாளாவிருந்தார்கள். அவ்வளவும் நன்று. வாய் திறந்த பின்னரே கெட்டார்கள்.

இத்தொடருக்கு நானும் ஒருமுறை எடுத்துக்காட்டாக இருந்திருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன், மகனை இழந்த தாய் ஒருவரைக் காணச் சென்றேன். சொல்வதறியாமல், "யோபுவை நினைத்துக்கொள்ளுங்கள் அம்மா" என்றேன். அவர் என்னை ஏறிட்டு நோக்கி, "யோபுவுக்கு ஆடுமாடெல்லாம் இரண்டு மடங்கு கிடைத்தது என்று வாசித்திருக்கிறேன் தம்பி. பிள்ளைகள் பத்துப்பேர்தானே? அவர்களும் புதுப் பிள்ளைகள்தானே?" என்றார். வீடு வந்து நூலை எடுத்துப் பார்த்தேன். அவர் கூறியது சரி. ஆடு 14,000, ஒட்டகம் 6,000. மக்களோ முன்போலவே ஆண்மக்கள் எழுவர், பெண்மக்கள் மூவர். இறந்த பிள்ளைகள் இறைவனிடம் உயிரோடிருப்பதால் எண்ணிக்கையை இரட்டிக்க வேண்டியதில்லை என்று உரைகாரர் சிலர் விளக்குவர். நல்ல விளக்கமே. ஆனால் அதனை அந்தத் தாயிடம் சென்று சொல்லும் துணிவு எனக்கு வரவில்லை. (புதிய புதல்வியர் மூவர்க்கும் அவர்தம் சகோதரரோடு யோபு சொத்துரிமை அளித்தார் என்றொரு செய்தியும் அவ்விடத்திலேயே உள்ளது. நம் குடும்பங்கள் அந்த வரியில் சற்று நின்று வாசிக்கலாம்.)

இனிச் சகோதரியின் வினாவுக்கு வருவோம். மேடையில் கூறப்பட்ட வாக்கியத்தில் இலக்கணப் பிழை ஏதுமில்லை. மரபுப்படியும் அது புகழ்ச்சியே, பரிகாசம் அன்று. கூறியவர் நல்லெண்ணத்தோடு கூறினார் என்றே கொள்வோம். பிழை வேறோரிடத்தில் உள்ளது. இத்தொடரைச் சொல்லத்தக்கவர் யார் என்பதற்கு இலக்கண நூலில் விதி இல்லை; ஆயினும் ஒருவர் சுமையைக் காணும் மூன்றாமவர் வாயில் அது பொருந்தும், சுமையை ஏற்றியவர் வாயிலோ, இறக்கிவைக்கும் அதிகாரம் உடையவர் வாயிலோ பொருந்தாது என்பது என் கருத்து. தலைச்சுமையோடு வருபவளுக்குச் சுமைதாங்கிக் கல்லைக் காட்டுவது அறம். அதற்கு மாறாக, "என்ன அழகாய்ச் சுமக்கிறாய்!" என்று வியந்துகொண்டு நிற்பது என்ன வகையில் சேரும்? எலிப்பாசும் அவன் நண்பர்களும் அங்கே அமர்ந்திருந்தனர் எனலாம்.

இன்னுமொன்று. யோபுவின் பெயர் வரும் அந்த 11ஆம் வசனத்துக்கு ஏழு வசனங்கள் முன்னே செல்லுங்கள். அதே அதிகாரம், 4ஆம் வசனம். வயலை அறுவடை செய்தவர்களுக்குக் கொடாமல் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்றும், அறுத்தவர்களின் முறையீடு படைகளின் ஆண்டவருடைய செவிகளை எட்டிவிட்டது என்றும் அங்கே யாகப்பர் எழுதுகிறார். அதற்குப் பிறகே பொறுமை பற்றிய பேச்சு வருகிறது. அதுவும் தொழிலாளரைப் பணியில் வைத்தவர்களின் வாயிலிருந்து வரவில்லை. ஆண்டுவிழா மேடைகளில் 11ஆம் வசனத்தை எடுத்தாளும் பெருமக்கள் 4ஆம் வசனத்தையும் உடன் வாசித்தல் முறையாகும். நம் மறைமாவட்டங்களிலும் பள்ளிகள் பல உள்ளன. வேறெவருக்கோ எழுதியதாக எண்ணி நாம் இப்பக்கத்தைப் புரட்டிவிடலாகாது.

சகோதரி அனுப்பிய விண்ணப்பத்தைப் பார்த்தேன். ஆங்கிலம் பிழையின்றி உள்ளது. கையெழுத்தும் முத்துமுத்தாய் உள்ளது. சில திருத்தங்கள் மட்டும் கூறுகிறேன்.

முதல் வாக்கியம் "ஐ ஹாவ் பீன் வெயிட்டிங் பேஷன்ட்லி ஃபார் லெவன் இயர்ஸ்" என்று தொடங்குகிறது. பொறுமையுடன் என்னும் பொருள்தரும் அந்த 'பேஷன்ட்லி'யை அடித்துவிடுங்கள். காத்திருந்தது 11 ஆண்டுகள் என்பது உண்மை, அதுவே போதும். எப்படிக் காத்திருந்தீர்கள் என்பதை நீங்கள் எழுதிக்கொடுத்தால், இன்னும் அப்படியே காத்திருப்பீர்கள் என்று வாசிப்பவர் எடுத்துக்கொள்வார். கடைசி வாக்கியமோ, தங்கள் முடிவுக்காகத் தொடர்ந்து பொறுமையுடன் காத்திருப்பேன் என்று அதனை உறுதியே செய்துவிடுகிறது. அதனை முழுவதும் நீக்குக. இடையில் வரும் 'கைண்ட்லி டூ த நீட்ஃபுல்' என்பது நம் நாட்டு அலுவலகங்களில் மிகவும் பழகிய வழக்கு. தவறென்று சொல்ல மாட்டேன். ஆனால் செய்யவேண்டுவது இன்னதென்று அதில் இல்லை. அவ்விடத்தில், எந்தப் பணியிடத்தில், எந்த நாள் முதல் நிரந்தரம் கோருகிறீர்கள் என்பதைத் தெளிவாக எழுதுங்கள். பணியில் சேர்ந்த நாளையும் இதற்குமுன் கொடுத்த விண்ணப்பங்களின் நாட்களையும் வரிசையாகக் குறிப்பிடுங்கள்.

நகலின் அடியில் பெயர் மட்டும் உள்ளது; கையொப்பம் இல்லை. மறந்துவிட்டீர்களா, தயங்கினீர்களா என்பது எனக்குத் தெரியாது. யோபு தம் குறியை வைத்தார். நீங்களும் கையொப்பமிட்டு, நாளிட்டு, அலுவலகத்தில் நேரில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புதலை நகலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.